மாப்பிள்ளை நாற்காலி

ஏப்ரல் 3, புதன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மோட்டார் போட்டேன். ஓடும் சத்தம் கேட்டது, தண்ணீர் வரவில்லை. ஓசூரில் ஏப்ரல் தொடக்கத்திலேயே இப்படி என்றால் மே மாதத்தை நினைக்கவே பயமாக இருக்கிறது. தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டு, நேற்று பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரில் குளித்துக் கிளம்பினேன். இட்லி ஊற்ற நேரமில்லை. பிரெட்.

தொழிற்சாலையில் நுழைந்ததுமே கோபிநாத் சார் கூப்பிட்டார். அவர்தான் பிளான்ட் ஹெட். போன மாதம் எங்கள் உற்பத்தி லைன் ஒன்பது முறை நின்றிருக்கிறது. நாங்கள் செய்வது லாரி ஓட்டுநர் சீட். எங்களிடம் சீட் போகவில்லை என்றால் லாரி தொழிற்சாலையிலும் லைன் நின்றுவிடும். ஒன்பது முறையும் காரணம் ஒன்றுதான்: எங்களுக்குப் பாகம் செய்து தரும் ஏதாவது ஒரு சின்ன வெண்டாரிடமிருந்து ஏதாவது ஒரு சின்னப் பொருள் வரவில்லை.

"ஜெயசீலி, ஜூனுக்குள்ள இது பூஜ்யம் ஆகணும். ஆச்சுன்னா மூணு பிளான்ட்டோட சப்ளையும் உங்க கையில. ஆகலைன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும். வெளிப்படையாச் சொல்லிட்டேன்."

வெளிப்படையாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

மாலையில் யோசித்துக்கொண்டே வந்தேன். பொருள் வராவிட்டால் வெண்டார் முதலாளியையே வரச்சொல்லி, பொருள் வரும்வரை உட்காரவைப்பது இந்தத் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம். எங்களிடமும் உண்டு. ஆனால் என் அறையில் உட்காரவைக்கிறோம். ஏசி, டீ, பிஸ்கட். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கிறோம். சாயங்காலம் பொருள் வந்ததும் சிரித்துக்கொண்டே போகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வருகிறார்கள்.

வலிக்காத இடத்தில் உட்காரவைத்தால் யார் திருந்துவார்கள்?

ஏப்ரல் 8, திங்கள்

நாற்காலியை லைன் ஓரத்துக்கு மாற்றினேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பின்னால் பலகை: "என் பொருள் வரவில்லை. அதனால் இந்த லைன் நிற்கிறது." கேன்டீனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். டீ கிடையாது. போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். எழுந்து போவதென்றால் என்னிடம் கேட்டுவிட்டுப் போகவேண்டும்.

ஸ்டோர்ஸ் சங்கரலிங்கம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறவர்.

"மேடம், ரெண்டு பக்கமும் வாழைமரம் கட்டிட்டா முகூர்த்தமே வச்சிரலாம்."

"கட்டுங்க. பில் போட்டுக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

மதியமே முதல் ஆள் வந்தார். ரப்பர் புஷ் செய்கிறவர். லைன் ஆட்கள் சாப்பிடப் போகும்போது ஒருவன், "என்னண்ணே, இன்னைக்கு இவருதான் மாப்பிள்ளையா?" என்றான். இன்னொருவன், "பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் வரலையாம், பாவம்" என்றான். லைன் முழுக்கச் சிரிப்பு. அந்த மனிதர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

நாற்காலிக்குப் பெயர் வந்துவிட்டது.

ஏப்ரல் 11, வியாழன்

முனிரத்தினம் பட்டறைக்குப் போயிருந்தேன். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓர் இடத்தில் பிடித்து நிற்குமே, அந்தப் பிடிக்கும் கொக்கியை அவர்தான் செய்கிறார். விரலளவுதான் இருக்கும். தகட்டை அச்சில் வைத்து பிரஸ்ஸில் அடித்து வடிவம் கொடுத்து, பொம்மசந்திராவில் ஓர் உலைக்கு அனுப்பி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி வாங்க வேண்டும். அப்போதுதான் இரும்பு இறுகும். பிறகு கறுப்புப் பூச்சு.

அறுபத்தைந்து வயதிருக்கும். நான் போகும்போதெல்லாம் சட்டையை மாற்றிக்கொண்டு வருவார். மனைவி இல்லை. மகள் சௌடேஸ்வரி, எங்களுக்கு ஈஸ்வரி, கூடவே இருந்து பட்டறையைப் பார்த்துக்கொள்கிறாள். மெக்கானிக்கல் படித்தவள், முப்பது வயது. அவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

மாடியில் மூட்டை மூட்டையாகக் கொக்கி அடுக்கியிருந்தது. அவர் படுக்கும் அறையிலும்.

"இது எதுக்கு சார் இவ்வளவு?"

"உங்களுக்காகத்தாம்மா. உலைக்காரன் எப்ப கைவிரிப்பான்னு சொல்ல முடியாது. கரன்ட் போனா அவன் ரெண்டு நாள் படுத்துக்குவான். இது இருந்தா உங்க லைன் நிக்காது."

"மேடம், அப்பாவுக்கு இந்த மூட்டைங்கதான் தூக்க மாத்திரை" என்றாள் ஈஸ்வரி. "இல்லைன்னா ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உக்காந்துக்குவாரு."

கையிருப்பு என்பது நோயை மறைக்கிற வலிநிவாரணி என்று பொறுமையாக விளக்கினேன். கையிருப்பு இல்லாவிட்டால்தான் எங்கே குறை இருக்கிறது என்று தெரியும். உலை சரியில்லை என்றால் உலையைச் சரிசெய்ய வேண்டும். ஈஸ்வரி கேட்டுக்கொண்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இனிமேல் மாடியில் ஒரு மூட்டைகூட இருக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். சேமித்து வைக்கும் செலவு மிச்சம் என்பதால் விலையையும் கொஞ்சம் குறைத்தாயிற்று. பதிலுக்கு ஒரு மரியாதை செய்தேன்: இனி அவருடைய பொருளை எங்கள் பக்கத்தில் யாரும் சோதிக்க மாட்டார்கள், லாரியிலிருந்து நேராக லைனுக்குப் போகும். அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. "இத்தனை வருசத்துல இப்பதாம்மா என்னை நம்பியிருக்கீங்க" என்றார்.

வரும் வழியில் இன்னொரு நீல டிரம் வாங்கினேன். தண்ணீர் கையில் இருந்தால்தான் நிம்மதி.

ஏப்ரல் 17, புதன்

டிரம்முக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை. கடைக்காரரிடம் சண்டை.

இந்த வாரம் நாற்காலி காலி.

ஏப்ரல் 24, புதன்

பொம்மசந்திராவில் மின்தடை. கொக்கி வரவில்லை. மாடியில் கையிருப்பும் இல்லை. இப்போது குறை எங்கே என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது, இதுதான் நான் சொன்னது.

முனிரத்தினத்தை வரச்சொன்னேன். வெள்ளைச் சட்டை போட்டு, டிபன் பாக்ஸோடு வந்தார். அவருக்குச் சர்க்கரை. லைன் ஓரத்தில் சாப்பிட அனுமதி இல்லை என்பதால் டப்பாவைச் செக்யூரிட்டியிடம் வைத்துவிட்டார்கள். தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னேன். நிறையக் குடித்தாராம்.

பிற்பகல் வீடியோ கூட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து எல்லோரும் இருந்தார்கள். நடுவில் செக்யூரிட்டி வந்து கண்ணாடிக் கதவைத் தட்டி, அவர் கழிப்பறைக்குப் போகலாமா என்று சைகையில் கேட்டார். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். பிறகு இன்னொரு முறை வந்தார். அப்போது நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டம் நீண்டுவிட்டது.

நான் வெளியே வரும்போது ஷிப்ட் மாறும் நேரம். லைன் ஓரத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சங்கரலிங்கம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து அவருக்கு முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியைக் கழுவச் சொன்னேன். அப்புறம் யோசித்து, புதிது வாங்கச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தேன். இரண்டு டிரம்மும் இருந்ததால் தாராளமாக ஊற்றிக்கொள்ள முடிந்தது.

ஏப்ரல் 25, வியாழன்

புது நாற்காலி வந்துவிட்டது. இந்த முறை பச்சை.

சங்கரலிங்கம் கையெழுத்து வாங்க வந்தவர் போகாமல் நின்றார்.

"மேடம், அவரு என்னைவிடப் பெரியவரு."

"தெரியும்."

"பெட்ரோல் பங்க்ல குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போனாரு. நான்தான் பைக்ல கூட்டிட்டுப் போனேன். பொண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு லுங்கி ஒண்ணு வாங்கிக் கட்டிட்டு, பேன்ட்ல ஆயில் கொட்டிருச்சுன்னு சொல்லிக்கிறேன்னாரு."

"கூட்டத்துல இருந்தேன் சங்கரலிங்கம் சார். வேணும்னு செய்வேனா?"

"வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொல்லலையே மேடம்" என்று ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் முன்பெல்லாம் என்னிடம் இப்படிப் பேசமாட்டார். வயதாகிறது.

மே 2, வியாழன்

ஏப்ரலில் லைன் நின்றது இரண்டே முறை. கோபிநாத் சார் மின்னஞ்சலில் எல்லோருக்கும் போட்டுவிட்டார்.

இரவு வில்சனிடம் போனில் சொன்னேன். சென்னையில் வங்கி வேலையில் இருக்கும் கணவருக்கு இதெல்லாம் எங்கே புரியும். "நாற்காலியைப் பார்த்தா பயந்து சரியா அனுப்பறாங்க, அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் என்றேன். "பயந்தவன் சரியா செய்வான்னு எப்படிச் சொல்றே? எங்க கிளையில பயந்தவன்தான் முதல்ல பொய்க் கணக்கு எழுதுவான்." எல்லாவற்றுக்கும் வங்கி உதாரணம்.

மே 9, வியாழன்

லாரி கம்பெனி காலையில் திடீரென்று சனிக்கிழமைத் தேவையை இரட்டிப்பாக்கிவிட்டது. ஏற்றுமதி ஆர்டராம். எல்லா வெண்டாருக்கும் தகவல் போட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழுதார்கள். நாளை மாலைக்குள் பொருள் வரவில்லை என்றால் நாற்காலி என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

முனிரத்தினம் கூப்பிட்டார். உலையில் கூட்டமாம். கொஞ்ச நேரம் பேசினோம். அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

பால் திரிந்துவிட்டது. டீ இல்லாமல் படுத்தேன்.

மே 10, வெள்ளி

மாலைதான் கெடு. முனிரத்தினத்தின் கொக்கி காலை பத்து மணிக்கே வந்து இறங்கிவிட்டது. கேட்ட அளவு முழுவதும். சங்கரலிங்கம், "உலையை வீட்டுலயே கட்டிட்டாரா இவரு?" என்றார்.

லைனுக்குப் போகும் பெட்டியிலிருந்து ஒரு கொக்கியை எடுத்து அறைக்குக் கொண்டுவந்தேன். எதற்கு என்று தெரியவில்லை, சும்மாதான். கறுப்புப் பூச்சு போட்ட பிறகு எல்லாக் கொக்கியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கைப்பையில் நகம் தேய்க்கும் அரம் இருந்தது. அதால் ஓரத்தில் இழுத்துப் பார்த்தேன். இறுகிய இரும்பில் அரம் வழுக்கும், கல்லூரிப் பட்டறையில் முதல் வருடம் கற்றுக்கொடுத்தது. இதில் பிடித்தது. பளபளவென்று ஒரு கோடு விழுந்தது.

என் அரம் புதிது. நன்றாகவே பிடிக்கும்.

கொக்கியைப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். லைன் நிற்கவில்லை.

மே 21, செவ்வாய்

மேடை, சால்வை, கண்ணாடிக் கேடயம். தொடர்ந்து பல வாரமாக லைன் ஒரு முறைகூட நிற்கவில்லை. கோபிநாத் சார் மைக்கில், "ஒரு நாற்காலியால ஒரு பிளான்ட்டைத் திருத்தினவங்க" என்றார். கைதட்டல். நாற்காலி முறையை மற்ற இரண்டு பிளான்ட்டிலும் கொண்டுவரப் போகிறோம். நடைமுறை விதிகளை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். கழிப்பறை அனுமதியை செக்யூரிட்டியே கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அனுபவத்தில் கற்றுக்கொண்டதை எழுதிவைப்பதுதானே முன்னேற்றம்.

சால்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பட்டு மாதிரி, ஆனால் பட்டு இல்லை.

மே 28, செவ்வாய்

லாரி தொழிற்சாலை யார்டில் விபத்து. புது லாரிகளை வரிசையாக நிறுத்துகிற இடம். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதித்திருக்கிறார். மிதித்த வேகத்தில் சீட் பிடியை விட்டுப் பின்னால் போய்விட்டது. கால் பெடலை எட்டவில்லை. முன்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்த ஆள் இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். உயிர் இருக்கிறது. இரண்டு காலும் இல்லை.

நாளைக்குள் அவர்கள் சீட்டைக் கழற்றிப் பார்த்துவிடுவார்கள்.

பெயர் சொன்னார்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை.

மே 31, வெள்ளி

கொக்கி நிமிர்ந்துபோயிருக்கிறது. இறுக்கமே இல்லை, உலையைப் பார்க்காத இரும்பு என்று அறிக்கை வந்துவிட்டது. இரட்டிப்பாகக் கேட்டோமே, அந்தச் சரக்கில் ஒரு பாதி.

அறையில் கோபிநாத் சாரும் நானும் மட்டும்.

"உலைக்கு அனுப்பாமலே பூச்சு போட்டு அனுப்பியிருக்கான். நீங்க என்ன சொல்றீங்க, ஜெயசீலி?"

"அதிர்ச்சியா இருக்கு சார்."

"அதிர்ச்சி சரி. உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"எப்படி சார் தெரியும்? சோதனை இல்லாம நேரா லைனுக்குப் போற பொருள்."

"அந்தச் சோதனையை எடுத்தது யாரு?" என்றார். பிறகு அவரே, "விடுங்க. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். வெளிப்படையான மனிதர்.

லாரி கம்பெனி முனிரத்தினத்தின் மேல் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்கிறது. அதற்கு முன்னால் ஜூன் பத்தாம் தேதி திங்கட்கிழமை விசாரணை. அவர்கள் ஆட்கள் வருவார்கள். முனிரத்தினத்தையும் என்னையும் நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்பார்கள். அவர் தானாகவே செய்தார் என்று ஆனால் மோசடி, அவர் உள்ளே போவார். எங்கள் பக்கத்திலிருந்து யாரோ தெரிந்தே வாங்கினார்கள் என்று ஆனால் கதை வேறு.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இரண்டாவது டிரம்மும் அடி தெரிகிறது.

ஜூன் 4, செவ்வாய்

அச்சுகளை எடுக்கப் போனேன். கொக்கி அடிக்கிற அச்சு எங்கள் கம்பெனிச் சொத்து. வெண்டாரை நிறுத்திவிட்டால் லாரி கொண்டுபோய் ஏற்றி, அடுத்த வெண்டாரிடம் இறக்கிவிடுவோம். அச்சு போனால் அந்த பிரஸ்ஸுக்கு வேலை இல்லை, அந்த ஆட்களுக்கும் இல்லை. இதற்கு நானே போகவேண்டியதில்லைதான். போகாமல் இருந்தால் பயந்துவிட்டதாகத் தோன்றும்.

பட்டறையில் எல்லோரும் வேலைக்கு வந்திருந்தார்கள். அச்சைத் துணியால் துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி, பாலிதீன் சுற்றி அவர்களே லாரியில் ஏற்றினார்கள். செயின் இழுக்கும்போது ஒருவருக்கொருவர், "மெல்ல, மெல்ல, விளிம்பு பட்டுரும்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஈஸ்வரி வாசலில் நின்றிருந்தாள்.

"எல்லாத்தையும் ஏத்தியாச்சா மேடம்? பிரஸ் எங்களுது. வேணும்னா அதையும் ஏத்திக்குங்க. அப்பாவையும் ஏத்திக்குங்க, உங்ககிட்டதான் நல்ல நாற்காலி இருக்கே."

"ஈஸ்வரி, நான் என் வேலையைச் செய்யறேன்."

"நாங்களும் அதைத்தான் மேடம் செஞ்சோம். நீங்க கேட்டீங்க, அனுப்பினோம்."

"பாப்பா, போய் மேடத்துக்கு டீ சொல்லு" என்று முனிரத்தினம் அவளை அனுப்பினார். இளைத்துப்போயிருந்தார். ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டை. அவள் தெருவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு காலு போயிருந்தாலே நான் தூங்க மாட்டேன். ரெண்டும்மா. ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. என்ன தண்டனைன்னாலும் சரி."

லாரியில் ஏறிய அச்சுகளை எண்ணிப் பார்த்தேன்.

"அன்னைக்கு போன்ல உங்ககிட்ட சொன்னேன். உலையில இடமில்ல, பாதிதான் இறுகும், மீதியை அடுத்த வாரம் தர்றேன்னு. நீங்க, 'எப்படியாவது அனுப்புங்க, எப்படின்னு எனக்குத் தெரிய வேணாம்'னீங்க. அதை நான் வெளியில எங்கயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். செஞ்சது என் கை."

"சார்..."

"இருங்க, முடிச்சிடறேன். ஏன் செஞ்சேன்னு கேப்பாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னா அந்த நாற்காலிய சொல்லணும். அன்னைக்கு எனக்கு ஆனது பாப்பாவுக்குத் தெரியாது. அது மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்மா. அவ என்னை அப்படி நினைச்சுப் பாக்கக்கூடாது. மத்தது எல்லாத்தையும் நான் தலையில போட்டுக்கறேன்."

டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஜூன் 6, வியாழன்

ஈஸ்வரி என் போனுக்கே கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க போன்ல சொன்னது எனக்குத் தெரியும். அப்பா போனை வச்ச உடனே என்கிட்ட சொன்னாரு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. காதால கேட்டது அப்பாதான், அவருதான் சொல்லணும். தினமும் கெஞ்சிட்டிருக்கேன். ஏதோ ஒண்ணு அவரைத் தடுக்குது. என்னன்னு கேட்டா எழுந்து போயிடறாரு."

"அப்பா மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"திங்கட்கிழமைக்குள்ள நான் அவரைப் பேச வைப்பேன் மேடம். அவரு ஜெயிலுக்குப் போனா திரும்பி வர மாட்டாரு. அந்த உடம்பு தாங்காது. இதை உங்களுக்குச் சொல்லிட்டுச் செய்யணும்னு தோணுச்சு. முதுகுக்குப் பின்னால செய்ய எங்களுக்குத் தெரியாது."

நல்ல பெண். என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் மேலே வந்திருப்பாள்.

ஜூன் 8, சனி

மழை. எதிர்பாராமல் நல்ல மழை. டிரம்களை மொட்டைமாடியில் வைத்தேன்.

பச்சை நாற்காலியைச் சங்கரலிங்கம் ஸ்டோர்ஸுக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டாராம், யாரிடமும் கேட்காமல். திங்கட்கிழமை வருகிறவர்கள் கண்ணில் படவேண்டாம் என்று காரணம் சொல்கிறார். விட்டுவிட்டேன். இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வில்சன் வந்திருக்கிறார். மீன் வாங்கி வந்து அவரே சுத்தம் செய்தார். குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். அந்த யார்டு ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஐசியூவிலிருந்து மாற்றிவிட்டார்கள் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

இரண்டு நாளாக ஒன்றையே யோசிக்கிறேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறவள் இல்லை நான். இந்த நோட்டில் எழுதுவதே அதற்காகத்தான். நான் கெட்டது எதையும் செய்யச் சொல்லவில்லை. அனுப்புங்கள் என்றேன். அதைச் சொல்வதுதான் என் வேலை. எல்லோரும் எனக்கும் அதைத்தான் சொல்கிறார்கள், தெரிய வேண்டாம் என்று கோபிநாத் சார்கூடத்தான் சொல்கிறார், வேறு வார்த்தையில்.

முனிரத்தினம் வாக்கு மாறாதவர். ஆனால் மகள் கெஞ்சினால் எந்தத் தகப்பனும் ஒருநாள் உடைந்துவிடுவான். மூடிய அறை, முன்பின் தெரியாத நாலு அதிகாரிகள், மகள் வெளியே. அங்கே வைத்து அவர் ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி நாற்காலிக் கதையைச் சொல்லிவிட முடியும். அந்நியர்களிடம் சொல்வது சுலபம். அதைச் சொல்லிவிட்டால், அவ்வளவு பயத்தில் இருந்த ஆளிடம் நான் போனில் என்ன சொன்னேன் என்பதுதான் அடுத்த கேள்வி.

விசாரணைக்கு வெண்டார் பக்கம் ஒருவருக்குத்தான் அனுமதி. வருகிறவர்கள் பட்டியலை அனுப்புகிறவள் நான். காலையில் முதல் வேலையாக லாரி கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, அவர் வயதானவர், சர்க்கரை நோயாளி, மகள் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று சொல்லி, ஈஸ்வரியையும் உள்ளே உட்கார அனுமதி வாங்கப்போகிறேன். மறுக்கமாட்டார்கள். என் நல்ல மனசைப் பாராட்டுவார்கள். ஈஸ்வரியும் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து வருவாள்.

அவளை அவருக்கு அடுத்த இருக்கையிலேயே உட்காரவைப்பேன். அவள் பேச ஆரம்பித்தால் அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். அவர் பக்கம் திரும்பி, "ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி எங்கள் பிளான்ட்டில் என்ன நடந்தது என்று நீங்களே சொல்கிறீர்களா, சார்?" என்று மட்டும் கேட்பேன். மரியாதையாக.

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கமாட்டார். மகளையும் திறக்கவிடமாட்டார்.

வில்சன் எழுந்துவிட்டார். டீ கேட்கிறார்.